பிரதி எங்கே இருக்க வேண்டும்?

சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கான மாதிரி ஆல்பத்தை ஆடிப் பதினெட்டாம் நாள் வெளியிடுவது நெடுநாள் வழக்கம். அதற்குரிய படங்கள் யாவும் இன்று கணிப்பொறியின் வன்தட்டில் இருக்கின்றன. ஆடி பதினேழாம் நாள் அத்தட்டு இயங்க மறுத்தால் என்ன செய்வது? மாணவர்களாகிய நமக்கும் இக்கேள்வி உண்டு. இறுதியாண்டு ஆய்வேட்டிற்காகப் பட்டாசுத் தொழிலாளர் வீடுகளில் நாங்கள் எடுத்த ஒலிப்பதிவுகளை மறுமுறை எடுக்க இயலாது. பேசியவர்களுள் ஒரு மூதாட்டி பின்னர் காலமாகிவிட்டார்.

இதற்கென அலுவலகங்களில் வைக்கப்படுவதே 'நாஸ்' எனப்படும் சேமிப்புப் பெட்டி. உள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளும், அவற்றை ஆள ஒரு சிறு கணிப்பொறியும் இருக்கும். கம்பி வழியாக ரவுட்டருடன் இணைத்துவிட்டால், அந்த இணைப்பிலுள்ள கணிப்பொறிகள் அனைத்தும் தம் கோப்புகளை இரவோடிரவாக அதில் படியெடுத்து வைக்கலாம். ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட் செல்லும். 500 ஜிகாபைட் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் போதும். பழைய 100 மெகாபிட் இணைப்பாயின் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். ஆனால் இது முதல் முறைக்கு மட்டுமே. பிறகு மாறிய கோப்புகள் மட்டும் செல்லும்.

பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் இருப்பதால் இரண்டு பிரதிகள் உள்ளன என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். இது தவறு. பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் 'ரெய்டு' எனப் பெயரிட்டு விளக்கிய முறைகளுள் ஒன்று அது. ஒரு தட்டில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படும். ஒரு தட்டு பழுதானால் மற்றது காக்கும், உண்மைதான். ஆனால் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலுமே அழியும்!

நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டுவதில்லை. ஒன்றில் பிடித்த தீ அடுத்ததைத் தொடாதிருக்க இடைவெளி விடுகின்றனர். பிரதிக்கும் அந்த இடைவெளி தேவை. 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் இருந்த ஓட்டையினூடேதான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. இத்தகைய நிரல் புகுந்த கணிப்பொறியில் நாஸ் பெட்டி எந்நேரமும் ஒரு டிரைவாகத் திறந்தே கிடந்தால், பெட்டியிலுள்ள பிரதியும் பூட்டப்பட்டுவிடும். எனவே பேக்கப் எடுப்பதற்கென்று தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைக்க வேண்டும். பெட்டியில் 'ஸ்னாப்ஷாட்' வசதி இருப்பின் அதையும் இயக்கிவிடுதல் நலம். நேற்றைய நிலையை இன்று மீட்கலாம்.

நெருப்புக்கோ கடவுச்சொல் தெரியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூலை மீண்டும் வாங்க முடிந்தது. ஒரே படியாக இருந்த ஏடு போனது போனதே. ஆகவே மூன்றாம் பிரதி வேறு ஊரில் இருத்தல் நன்று. எங்கள் ஒலிப்பதிவுகளின் மூன்றாம் பிரதி மதுரையில் ஒரு தோழியின் வீட்டு அலமாரியில் உள்ளது. செலவு ஒரு வெளித்தட்டின் விலையும் பேருந்துக் கட்டணமும்தான்.

இன்னும் ஒன்று. 'பேக்கப் முடிந்தது' என்று திரையில் வரும் செய்தியை மட்டும் நம்பலாகாது. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைப் பெட்டியிலிருந்து வேறொரு கணிப்பொறிக்கு எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். ஒலிப்பதிவாயின் தொடக்கத்தை மட்டுமன்று, கடைசி நிமிடத்தையும் கேட்க வேண்டும்; பாதியில் அறுந்த கோப்பும் தொடக்கத்தில் நன்றாகவே பேசும்.