பத்துப் பையில் கொச்சிக்காய்த் தோட்டம்

வியாபாரிகளாகிய நாம் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குப் பார்ப்பவர்கள். ஆனால் வீட்டுக் குசினிக்குப் போகும் கொச்சிக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் மாதம் எவ்வளவு முடிகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் பலர் தமது வளவைத் திரும்பிப் பார்த்தார்கள். நெருக்கடி தணிந்ததும் பல வீடுகளில் வளவு மறுபடியும் பழைய சாமான் போடும் இடமாகிவிட்டது.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. முதலீடு செய்த முறையும் பிழை. எனது அயலவர் ஒருவர் அழகான சட்டிகள், பைகளில் அடைத்த மண், விலை கூடிய கருவிகள் என வாங்கிக் குவித்து, பல வகை மரக்கறிகளை ஒரே நாளில் நட்டார். மூன்று மாதத்தில் எல்லாம் காய்ந்து போயின. பெயர்ப் பலகைக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் காசைக் கொட்டிவிட்டு, சரக்குப் போடக் கையில் பணமில்லாமல் நிற்கும் புதுக் கடைக்காரரின் கதையும் இதுதான்.

ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு எனது ஆலோசனை: ஒரே பயிர், பத்தே பைகள்.

கொச்சிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வெறுமையாகும் அரிசிப் பைகளும் மாப் பைகளும் போதும். அடியில் நாலைந்து துளைகள் இட்டு, மேல்மண்ணையும் கூட்டெருவையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். நீர் ஊற்ற மேலே இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் விழும் இடம் வேண்டும். விதையை முதலில் நாற்றாக்கி, சுமார் ஒரு மாதம் சென்றபின் பைக்கு ஒன்றாக மாலை நேரத்தில் நடுங்கள். எம்.ஐ. 2, எம்.ஐ. கிறீன் போன்ற பெயர்களில் வரும் ‘எம்.ஐ.’ என்பது மஹ இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். விதைப் பக்கட்டின் திகதியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். விதை விற்கும் சகோதரர்களும் திகதி கடந்ததைக் கொடுக்க வேண்டாம். முளைக்காத விதையை வாங்கியவர் மறுபடி உங்கள் கடைப் படி ஏறமாட்டார்.

கொச்சிக்காயின் பெரிய எதிரி இலைச் சுருளல். சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் இலையின் அடிப்புறத்தில் இருக்கும். வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே சுருண்ட இலைகளைக் கிள்ளி அகற்றி, சிறிது சவர்க்காரம் கரைத்த நீரில் வேப்பெண்ணெய் கலந்து தெளியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பையின் கீழ் தட்டு வைத்து நீரைத் தேங்க விடாதீர்கள். 2017 இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானதை மறந்துவிட முடியாது. நுளம்பு வளர்த்துப் பீ.எச்.ஐ. வந்து நின்றால் தோட்டத்து இலாபம் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

அடுத்து, ஒரு கணக்குக் கொப்பி. விதைக்கும் எருவுக்கும் போனது ஒரு பக்கம். பறித்த காயை நிறுத்து, அன்றைய சந்தை விலை மறுபக்கம். இதனை வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒப்படையுங்கள். உங்கள் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால் நட்டம் தெரியலாம். ஆனால் முதல், செலவு, இலாபம் என்பதைப் பிள்ளை தன் கையால் எழுதிப் படிக்கிறது. அந்தப் பாடத்துக்கு எந்த டியூஷன் வகுப்பிலும் இடமில்லை. ஆறு மாதத்தில் கொப்பி இலாபம் காட்டினால், அந்த இலாபத்தைக் கொண்டு மட்டும் பைகளைக் கூட்டுங்கள். கைமுதலைத் தொட வேண்டாம்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். எனவே அயல் வீட்டுக்குக் கொடுத்த காய்களை நட்டப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.