ஓட ஒரு காலணி, எறிய ஒரு காலணி

திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரைக் கடற்கரையில் நீங்கள் ஓடிப் பார்த்ததுண்டா? காலை ஊன்றி உந்தினால் மணல் பின்னால் சரிகிறது. நாம் தரையைப் பின்னே தள்ளினால்தான் தரை நம்மை முன்னே தள்ளும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. மணலிலோ நம் உழைப்பில் ஒரு பகுதி மணலை நகர்த்துவதிலேயே வீணாகிறது. ஆகவே ஓடுபவருக்குத் தரையில் நல்ல பிடிப்பு வேண்டும்.

அப்படியானால் பிடிப்பு மிகுந்த காலணி ஒன்றே எல்லா விளையாட்டுக்கும் போதாதா? போதாது. பெண்களுக்கான ஹெப்டத்லானைப் பாருங்கள். ஒரே வீராங்கனை இரண்டு நாளில் 7 போட்டிகளில் இறங்க வேண்டும். 200 மீட்டர் ஓட்டத்தில் முன்பாதம்தான் தரையை உந்துகிறது. எனவே காலணியின் ஆணிகள் முன்பாதத்தின் அடியில் மட்டும் இருக்கும்.

ஈட்டி எறிவது வேறு கதை. வலக்கையால் எறிபவர் வேகமாக ஓடிவந்து, இடக் குதிகாலை ஊன்றிச் சட்டென்று நிற்கிறார். ஓடிவந்த உந்தத்தில் ஒரு பகுதி இடுப்பு, தோள் வழியாக ஈட்டிக்குப் போய்ச் சேர்கிறது. குதிகால் வழுக்கினால் எல்லாம் கெட்டது! அதனால் அங்கே குதிகாலிலும் ஆணிகள் உண்டு. குண்டு எறிதலில் நேர் எதிர். 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் சறுக்கியோ சுழன்றோ வரவேண்டும். பாதம் ஒட்டிக்கொண்டு உடல் மட்டும் திரும்பினால், அந்த முறுக்கை முழங்கால் தாங்க நேரும். ஆகவே வழவழப்பான அடிப்பாகமே நல்லது.

நெடுந்தூரம் ஓடுவோருக்கு மெத்தை வேண்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் விழுகிறது. மெத்தை அமுங்குவதால் பாதம் நிற்க எடுக்கும் நேரம் சற்றுக் கூடி, மோதலின் கடுமை குறைகிறது. கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறோமே, அதே தந்திரம்தான். ஆனால் இந்த உயரமான மெத்தைக் காலணியோடு இறகுப்பந்து ஆடாதீர்கள். பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கிவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் பாதத்துக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 6,026 புள்ளிகளுடன் ஹெப்டத்லான் தங்கம் வென்றவர் ஸ்வப்னா பர்மன். அவருக்கு ஒவ்வொரு பாதத்திலும் 6 விரல்கள். ஐந்து விரலுக்கென்று செய்த காலணி அவர் காலை நெருக்கி வலித்தது. அந்த வலியோடுதான் அவர் வென்றார். அவர் பாதத்துக்கென்றே செய்த காலணிகளை அடிடாஸ் நிறுவனம் பிறகுதான் கொடுத்தது.

நீங்கள் காலணி வாங்குவதானால் மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்த பாதம் சற்றே வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போட்டு, கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள்.