வெந்நீர் தரும் விதியே தீயும் மூட்டும்

குளிர்காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் வாட்டர் ஹீட்டரும் அறைச் சூடேற்றியும் உழைக்கத் தொடங்குகின்றன. இஸ்திரிப் பெட்டியோ ஆண்டு முழுவதும் ஓய்வறியாதது. இவை அனைத்தும் ஒரே இயற்பியல் விதியின்படி இயங்குகின்றன. பிளக்கைக் கருக்கி, சில வேளைகளில் வீட்டையே எரிப்பதும் அதே விதிதான்.

அவ்விதியை 1841-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பீர் ஆலை உரிமையாளரின் மகனான அவர், கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, அதில் மின்னோட்டத்தைச் செலுத்தி, நீரின் வெப்பநிலை உயர்வதை அளந்தார். கம்பியில் நகரும் எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலை உலோக அணுக்களுக்கு அளிக்கின்றன. அணுக்களின் அதிர்வு மிகுகிறது. அந்த அதிர்வையே நாம் வெப்பமாக உணர்கிறோம்.

மின்தடை கூடினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். மின்னோட்டத்தின் கணக்கு வேறு. தனிவட்டியில் அசல் இருமடங்கானால் வட்டியும் இருமடங்காகும். இங்கோ மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

இனி நம் குளியலறைக்கு வருவோம். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் ஹீட்டர் இதனை இருபது நிமிடங்களுக்குள் முடித்துவிடும். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். எனவே 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குப் போதாது. 16 ஆம்பியர் சாக்கெட்டே ஏற்றது.

சாக்கெட் சரியானதாயினும், பிளக்கின் பின் தளர்ந்திருந்தால் என்னாகும்? அத்தொடுமுனையில் அரை ஓம் மின்தடை உண்டானாலே, அச்சிறு இடத்தில் 35 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் பிறக்கும். வானொலி பழுதுபார்ப்பவரின் 25 வாட் பற்றவைப்புக் கருவி ஈயப் பற்றாசை உருக்கிவிடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் கடுமை புலப்படும்.

இங்கேதான் பலரும் எம்.சி.பி. காப்பாற்றும் என நம்பிவிடுகின்றனர். மின்னோட்டம் வரம்பு மீறினால் அது இணைப்பைத் துண்டிக்கும் என்பது உண்மை. ஆனால் தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. சற்றே குறையவும் கூடும். ஆகவே எம்.சி.பி. விழாது. மின்கட்டணமும் எதையும் காட்டிக்கொடுக்காது. தொட்டால் சுடும் பிளக், பழுப்பேறிய சாக்கெட், கருகல் வாடை ஆகியவையே முன்னெச்சரிக்கைகள்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயன்பாட்டை நிறுத்தி, மெயின் இணைப்பைத் துண்டித்த பின், தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு சாக்கெட்டை மாற்றுக. ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைத்தல் ஆகாது. எக்ஸ்டென்ஷன் கம்பியைச் சுருட்டியவாறே பயன்படுத்தினால் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும்; முழுவதும் விரித்தே பயன்படுத்துக. கம்பியின் குறுக்குப் பரப்பு பாதியானால் மின்தடை இருமடங்காகும். ஆதலால் மெல்லிய கம்பியில் மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய் சிக்கனமாகாது.

வீட்டுக் கடன் பெற்றுப் பல்லாண்டுகள் தவணை செலுத்தி உரிமையாக்கும் இல்லத்திற்குக் காப்பீடு அவசியமே. எனினும் காப்பீடு தருவது இழப்பீட்டை மட்டுமே. இழப்பு நேராமல் தடுக்க, மாதம் ஒருமுறை ஹீட்டரை அணைத்ததும் அதன் பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்றே பெரிதும் உதவும்.