ஊசி முனையில் முத்து!
கல்யாண ரவிக்கைக்குப் பின்னால் எத்தனை இரவுகள்?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?

பெரியவர்கள், "ராமானுஜர் பிறந்த ஊர்" என்பார்கள். இளைஞர்கள், "கம்பெனிகள் நிறைந்த ஊர்" என்பார்கள். இரண்டும் உண்மைதான்!

இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்கிறார்கள். ஷிப்டு முடிந்தால் போதும். பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்குகிறார்கள்.

இந்த இரைச்சலுக்கு நடுவே சத்தமே இல்லாத தொழில் ஒன்றும் நடக்கிறது. தையல் கடைப் பலகைகளைப் பாருங்கள். "ஆரி ஒர்க்" என்று எழுதியிருக்கும். துணியில் முத்தும் பாசிமணியும் சமிக்கியும் வைத்துத் தைக்கும் வேலை அது.

பக்கத்திலேயே காஞ்சீபுரம். பட்டுச்சேலை அங்கே பிறக்கிறது. அதற்குப் பொருத்தமான ரவிக்கை வேண்டாமா? இன்று மணப்பெண்ணின் ரவிக்கையில் மயில் ஆடுகிறது. யானை நடக்கிறது. சிலர் மாப்பிள்ளையின் பெயரையே கையில் தைத்துக்கொள்கிறார்கள்!

தோல் தைத்த ஊசி

ஆரி என்பது ஊசியின் பெயர். அதன் முனையில் சிறு கொக்கி இருக்கும்.

இந்த ஊசி முதலில் துணிக்கு வந்ததல்ல. தோலுக்கு வந்தது! குஜராத்தின் கட்ச் பகுதியில் செருப்புத் தைக்கும் மோச்சி வகுப்பினர் இதனால் தோலில் பூ வேலை செய்தார்கள். பிறகு அதே கையால் பட்டிலும் செய்தார்கள். மன்னர் வீடுகள் அதை விரும்பி வாங்கின.

இதன் கூடப் பிறந்த மாதிரி இருப்பது ஜர்தோசி. இது பாரசீகச் சொல். "ஜர்" என்றால் தங்கம். "தோசி" என்றால் தையல். முகலாய அரண்மனைகளில் இதற்கு நல்ல மதிப்பு இருந்தது.

எப்படித் தைக்கிறார்கள்?

முதலில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். தட்டினால் தம்பட்டம் போல விறைப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது படம். மெல்லிய காகிதத்தில் படம் வரைகிறார்கள். கோடு நெடுக ஊசியால் துளை போடுகிறார்கள். மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்துக் காகிதத்தின் மேல் தடவுகிறார்கள். துளை வழியே படம் துணியில் இறங்குகிறது.

பிறகுதான் தையல். ஒரு கை மேலே. ஒரு கை கீழே! கீழ்க்கை நூலைப் பிடித்திருக்கும். மேல்கை ஊசியைக் குத்தும். கொக்கி நூலைக் கவ்விக்கொண்டு மேலே வரும். வளையத்துக்குள் வளையம். இதுதான் சங்கிலித் தையல்.

மணி எப்படி ஏறுகிறது? ஊசியிலேயே மணிகளைக் கோத்து வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றாக முனைக்குத் தள்ளுகிறார்கள். ஊசி இறங்கி, நூலை மணியின் துளை வழியே இழுத்து வருகிறது. மணி துணியில் உட்காருகிறது. ஒரு குத்து; ஒரு மணி!

பிரான்சில் லூனேவில் என்ற ஊரிலும் இத்தகைய கொக்கி ஊசி உண்டு. அங்கே மணியை நூலில் கோத்து, துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தைக்கிறார்கள். நம்மவர்கள் நேராக வைத்துத் தைக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கடைசி முடிச்சு சரியாக விழ வேண்டும். விழாவிட்டால் நூலை இழுத்ததும் சங்கிலி முழுவதும் கழன்று வந்துவிடும். அத்தனை மணியும் தரையில்தான்!

மணி நமக்குப் புதிதல்ல

புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். ரோமாபுரியுடன் வாணிபம் நடந்த துறைமுகம் அது. அங்கே கண்ணாடி மணிகளும் செய்தார்கள். அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயின.

நம் நாட்டுக் கைகளின் திறமை பாரிசுக்கும் தெரியும். பாரிசில் லெசாஜ் குடும்பம் பூத்தையலுக்குப் பெயர் பெற்றது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்சுவா லெசாஜ் 1993-ம் ஆண்டு சென்னையில் பூத்தையல் நிறுவனம் தொடங்கினார். பிரான்சு நாட்டு மாளிகைகளுக்கான வேலைகள் தமிழ்நாட்டுக் கைகளால் நடந்தன.

கூலி என்ன?

பெருமை சரி. வயிறு நிறைகிறதா? இதுதான் கேள்வி.

2020-ம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஐரோப்பாவின் பெரிய பெரிய உடைக் கம்பெனிகளுக்கு மும்பையில் பூத்தையல் செய்கிறவர்களைப் பற்றிய செய்தி அது. பலருக்குத் தொழிலாளிக்கு உரிய சலுகைகள் இல்லை. போதிய பாதுகாப்பும் இல்லை என்று அது எழுதியது.

வீட்டில் தைக்கும் நம் பெண்களின் நிலை என்ன? ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு ரவிக்கைக்கு 1,500 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். மணி, நூல், கல் எல்லாம் 300 ரூபாய். மீதி 1,200 ரூபாய். வேலை 30 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? 40 ரூபாய்தான்! மின்சாரச் செலவும் கண் வலியும் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஆகவே, வேலை தொடங்கும்போது மணியைப் பாருங்கள். முடிக்கும்போதும் பாருங்கள். நோட்டில் குறித்து வையுங்கள். எத்தனை மணி நேரம் என்று தெரிந்தால்தான் சரியான விலை சொல்ல முடியும்.

கண்ணையும் காப்பாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்துங்கள். 20 அடி தூரத்தில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். மங்கிய விளக்கில் தைக்காதீர்கள்.

தொழிற்சாலையா? தையலா?

ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களுக்கு இது பெரிய கேள்வி.

தொழிற்சாலையில் மாதம் பிறந்தால் சம்பளம். வைப்பு நிதி உண்டு. இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. வீட்டுத் தையலில் இவை கிடையாது. வீட்டில் வேலை செய்வோருக்காக 1996-ம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் செய்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆனால் தொழிற்சாலையும் நிலையானது என்று சொல்ல முடியுமா? 2006-ம் ஆண்டு இங்கே நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கியது. 2014-ம் ஆண்டு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களில் இளம் பெண்கள் ஏராளம்.

கம்பெனி போகலாம். கைத்தொழில் போகாது. கைத்தொழில் மட்டும் போதுமா? அதுவும் போதாது. அதற்குப் பாதுகாப்பும் வேண்டும்.

2021-ம் ஆண்டு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில், அமைப்புசாராத் தொழிலாளர்கள் இலவசமாகப் பெயர் பதியலாம். தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியமும் இருக்கிறது. பெயர் பதிந்தவர்களுக்குப் பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. தைக்கத் தெரிந்த பெண்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜவுளிக் கடையில் பேரம் பேசாமல் பட்டு எடுக்கிறோம். ரவிக்கை தைத்தவரிடம் மட்டும் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். இது நியாயமா?

அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணின் ரவிக்கையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு மணி, ஒரு குத்து. எத்தனை மணி என்று எண்ணிப் பாருங்கள். கூலியைக் குறைக்கச் சொல்ல மனம் வராது!