கடன் நோட்டில் தெரியும் ஆஸ்பத்திரிக் கணக்கு

கடம்பூரில் மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு, சுற்றுப்பட்டிச் சில்லறைக் கடைக்காரர்கள் என்ன நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள் என்பது பற்று நோட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்ததும் காய்ச்சல் கணக்கு ஆரம்பமாகும். "பிள்ளைக்கு டெங்கு, கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்பார்கள். தை, மாசியில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்ததும் அந்தப் பாக்கி பைசா குறையாமல் வந்து சேரும். நெஞ்சுவலி, சிறுநீரகம், புற்றுநோய் என்று போனவர்களின் பாக்கி அப்படி வருவதில்லை.

இருபது வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் இருதய அடைப்புக்காகத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போயிற்று. நமக்குப் பாக்கி பதினெட்டாயிரம். கூச்சத்தில் நம் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார். நாமும் கணக்குப்பிள்ளையை இரண்டு முறை அனுப்பினோம். அனுப்பியிருக்கக் கூடாது.

மத்திய அரசு 2017-18இல் நடத்திய தேசிய மாதிரி ஆய்வும் நம் நோட்டைப் போலத்தான் பேசுகிறது. பிரசவம் நீங்கலாக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் காய்ச்சல் முதலான தொற்று நோய்க்காரர்கள். ஒருமுறை படுத்து எழுந்தால் அரசு மருத்துவமனையில் சராசரிச் செலவு ரூ.4,452, தனியாரில் ரூ.31,845. காய்ச்சலுக்குக் கோவில்பட்டி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே போக நம்மவர்கள் கௌரவம் பார்ப்பதுதான் நமக்குப் புரியவில்லை. ஆளைக் கவிழ்ப்பது எப்போதோ வரும் பெரிய நோய்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012இல் வந்தது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. கிராமத்துப் பெட்டிக்கடைக்காரர் பலர் இதற்குள் வருவார்கள். அட்டை வாங்காமல் இருக்கிறார்கள். அதற்கு மேல் வருமானம் உள்ள நாம் சொந்தமாகப் பாலிசி எடுத்தாக வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். முன்பே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரும், ஆகையால் நெஞ்சு வலிக்கும்வரை தள்ளிப் போடுவதில் பயனில்லை.

அந்த நண்பருக்குச் சென்ற மாதம் நாமே ஒரு மூட்டை துவரம்பருப்பு அனுப்பி வைத்தோம். பழைய பாக்கிக்கு மாதம் ஐந்நூறு தருகிறார்.