உடலை மறக்கப் பழகியவர்கள்

2001-க்குப் பிந்தைய போர்களில் அமெரிக்கப் படையினர் 7,057 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ராணுவத்தில் பணியாற்றியவர்களில் 30,177 பேர், பணியிலோ ஓய்வுக்குப் பிறகோ, தற்கொலையால் இறந்ததாகப் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வு 2021-இல் மதிப்பிட்டது. போரில் மாண்டவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். போர் நினைவுகள், குடும்பப் பிரிவு, கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி என்று காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. உடல் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவே சிப்பாய் பழக்கப்படுகிறார். காலில் கொப்புளம் உடைந்தாலும் நடை நிற்கக் கூடாது. பசியும் தூக்கமும் கடமைக்குக் குறுக்கே வரக் கூடாது. களத்தில் அது தேவைதான். வீடு திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடாதபோதுதான் ஆபத்து.

சாக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் ஒருவரைத் தற்கொலைவரை கொண்டுபோவதில்லை, வலியையும் சாவையும் பற்றிய அச்சமும் மரத்துப்போயிருக்க வேண்டும் என்று உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் எழுதினார். ஓக்லஹோமாவின் டல்சா நகரில் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு இதற்குப் பக்கபலம். அதில் பங்கேற்றவர்கள் நாடியைத் தொடாமல், அமைதியாக உட்கார்ந்து, இதயத்துடிப்பை உள்ளுக்குள் உணர்ந்து சொல்ல வேண்டும். முன்பு தற்கொலைக்கு முயன்றவர்கள் மற்ற மனநோயாளிகளைவிட இதில் தடுமாறினார்கள். குளிர்ந்த நீரில் கையை வைத்திருப்பதிலோ அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். உடலுணர்வு மங்கியதே தற்கொலைக்குக் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் தொடர்பு இருப்பது தெரிகிறது.

அந்தத் தொடர்பைப் பயிற்சியால் மாற்ற முடியுமா என்று பார்க்கவே உளவியலாளர் ஏப்ரல் ஸ்மித்தின் குழு ‘ரைஸ்’ என்ற இணையவழிப் பயிற்சியை உருவாக்கியது. கைவிரல்களை இறுக்கி, மெல்லத் தளர்த்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பது. இந்தக் கால் இத்தனை ஆண்டு நம்மைச் சுமந்ததே என்று எண்ணிப் பார்ப்பது. பசியையும் கோபத்தையும் உடலில் எங்கே உணர்கிறோம் என்று அடையாளம் காண்பது. இப்படிச் சிப்பாயை மென்மையாக்கினால் போரிடுவாரா என்று சிலர் கேட்பார்கள். வலியை அறிவது வேறு, வலிக்குப் பணிவது வேறு. தன் களைப்பை அறியாதவர் தோழர்களுக்கும் ஆபத்துதான். போரின் கொடுமையை அனுபவித்தவருக்கு உடலைக் கவனிப்பதே பழைய திகிலைக் கிளறலாம் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆகவே தேர்ந்தவர் துணை அவசியம். துப்பாக்கியைப் பூட்டி வைப்பதற்கும் முறையான சிகிச்சைக்கும் இது மாற்றாகாது. ஃபோர்ட் கார்சன் முகாமில் 152 வீரர்களிடம் நடந்த ஆய்வில், குறுகிய கால உளவியல் சிகிச்சை பெற்றவர்கள் மீண்டும் தற்கொலைக்கு முயல்வது சுமார் 60 சதவீதம் குறைந்தது. உடலுணர்வுப் பயிற்சிக்கு அத்தனை வலுவான சான்று இன்னும் கிடையாது. ஆனாலும், மனநல மருத்துவரிடம் போனால் பதவி உயர்வு போய்விடும் என்று அஞ்சுகிற வீரர், தசைப் பயிற்சி செய்யக் கூச்சப்பட மாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே இதற்குப் படைமுகாமில் இடம் தர வேண்டும்.

உங்கள் வீட்டில் ராணுவத்திலிருந்து வந்தவர் எதற்கும் உணர்ச்சியற்று இருந்தால், அதை மன உறுதி என்று விட்டுவிடாமல் உட்கார்ந்து பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.