விளம்பரத்தைத் தடுக்கலாமா? இணையமும் அந்தரங்கமும்

நம் சங்க மலரைப் புரட்டினால் கட்டுரைகளுக்கு நடுவே நகைக்கடை, பட்டுச்சேலைக் கடை, கல்யாண கேட்டரிங் என்று விளம்பரங்கள் வரும். அச்சுக்கூலியில் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வருகிறது. இருந்தாலும் அவற்றைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டி.வி.யில் விளம்பரம் வரும்போது எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வருவதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ஆனால் இணையத்தில் விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டு ஒரு தளத்துக்குப் போனால், "எங்கள் பிழைப்பே விளம்பரத்தில்தான் இருக்கிறது, தயவுசெய்து தடுப்பானை நிறுத்துங்கள்" என்று கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? இரண்டு பக்கத்தையும் பார்ப்போம்.

திரும்பிப் பார்க்கும் விளம்பரம்

1994 அக்டோபரில் 'ஹாட்வயர்டு' என்ற அமெரிக்க இணைய இதழ் ஏ.டி. அண்ட் டி. போன்ற நிறுவனங்களின் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. இணைய விளம்பரத் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொண்டுல்லி 'குக்கி' என்ற சிறு குறிப்பைக் கண்டுபிடித்தார். ஒரு கடைத் தளத்தில் நாம் கூடையில் போட்ட பொருளை அந்தத் தளம் மறக்காமல் இருக்கத்தான் அது. நல்ல காரியம்தான்.

விளம்பர நிறுவனங்கள் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தின. ஒரே நிறுவனத்தின் விளம்பரம் செய்தித் தளத்திலும் இருக்கிறது, சமையல் தளத்திலும் இருக்கிறது, மருத்துவத் தளத்திலும் இருக்கிறது. மூன்று இடத்திலும் அது தன் குக்கியைப் படித்துப் பார்க்கிறது. ஆக, இன்றைக்குக் காலையில் நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்து ஏலம். ஒரு பக்கத்தைத் திறந்து அது திரையில் வருவதற்குள், உங்கள் ஊர், கைபேசியின் வகை, படிக்கும் பக்கம், உங்களுக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண் எல்லாம் பல நிறுவனங்களுக்குப் போகின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் திரையில் வருகிறது. கண் இமைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ஏலத்தில் தோற்றவர்களின் கைக்கும் உங்கள் விவரம் போய்விடுகிறது.

சேலைக்கடை விளம்பரத்தை நாம்தான் பார்க்கிறோம். அது நம்மைப் பார்ப்பதில்லை. வேறுபாடு இங்கேதான்.

மறைக்க என்ன இருக்கிறது?

"நான் தப்பு ஒன்றும் செய்யவில்லையே, எனக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தரங்கம் என்பது தப்பை மறைக்கும் திரை அல்ல. நம் வீடுகளில் மருமகள் உண்டாகியிருந்தால், மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் நாலு பேரிடம் சொல்லலாம் என்பார்கள். அந்தப் பெண் வீட்டுக்குப் பொதுவான டேப்லெட்டில் இரண்டு நாள் இதுபற்றித் தேடிப் படித்தாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் மாமனார் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் திறக்கிறார். தொட்டில் விளம்பரமும் குழந்தைச் சட்டை விளம்பரமும் வரிசையாக வருகின்றன. எதை, யாரிடம், எப்போது சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவளிடமிருந்து போய்விட்டது. வேலை மாற நினைப்பவர், மனநல மருத்துவரைத் தேடுபவர், கடனில் தவிப்பவர் எல்லாருக்கும் இதே கதைதான்.

பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும், சில விலக்குகளோடு, அது தடை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் நிறுவனங்களின் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

நிறுவனங்கள் தாமாகத் திருந்தும் என்று காத்திருப்பதும் கஷ்டம். பிற நிறுவனங்களின் குக்கிகளைத் தன் குரோம் உலாவியிலிருந்து எடுத்துவிடுவதாக 2020-இல் கூகுள் சொன்னது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

விளம்பரத்தை வேண்டாம் என்று சொல்வது நமக்குப் புதிதும் அல்ல. தொலைபேசியில் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிவுசெய்யும் வசதி இந்தியாவில் 2007-இலேயே வந்தது. இன்றைக்கும் 1909-க்குச் சொல்லிப் பதிவுசெய்கிறோம். அதை யாரும் அறக்கேடு என்று சொல்லவில்லை.

பாதுகாப்பும் ஒரு காரணம். தேடலில் மேலே வரும் போலி விளம்பரங்களை நம்பி மக்கள் ஏமாறுவதால், தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே அறிவுரை சொன்னது.

எழுதுபவர் எப்படிப் பிழைப்பது?

இனி மறுபக்கம். 2018-இல்தான் கூகுளின் விளம்பரச் சேவை தமிழுக்கு வந்தது. அதுவரை தமிழ்த் தளம் நடத்தியவர்கள் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு நடத்தினார்கள். நாம் தடுப்பானைப் போட்டால் யாருக்கு அடி? பெரிய நிறுவனங்களுக்குச் சந்தா வருமானம் உண்டு; தடுப்பான் எளிதில் எட்டாத சொந்த ஆப்கள் உண்டு. கோயில் வரலாறும் சமையல் குறிப்பும் எழுதிவரும் ஒரு சின்னத் தளத்துக்கு அதெல்லாம் கிடையாது. ஊரை விட்டு வந்த நமக்கு, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பல சமயம் கைகொடுப்பவை இந்தச் சின்னத் தளங்கள்தான். எல்லாவற்றையும் ஓசியில் படித்துவிட்டு, அவை மூடிய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

காவலாளியையும் கவனியுங்கள்

தடுப்பான்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. 'ஆட்பிளாக் பிளஸ்' 2011 முதல், உறுத்தாத விளம்பரங்கள் என்று தான் ஏற்றுக்கொண்டவற்றைக் காட்ட அனுமதிக்கிறது; அதற்குப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்குகிறது. ஒரு ஜெர்மன் பதிப்பகம் எதிர்த்து வழக்குப் போட்டது. தடுப்பானை வழங்குவது சட்ட விரோதம் அல்ல என்று 2018-இல் அந்நாட்டின் உச்ச மன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டப்படி சரி என்பதால் காசு வாங்கி வழிவிடுவது எல்லாருக்கும் உவப்பாகிவிடாது.

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. விளம்பரப் பின்தொடர்தலைத் தடுப்பதாகச் சொன்ன அவாஸ்ட் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம், பயனர்கள் போய்வந்த தளங்களின் விவரத்தைத் தன் துணை நிறுவனம் மூலம் விற்றது. அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் அந்த நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. ரேமண்ட் ஹில் 2014-இல் தொடங்கிய 'யுபிளாக் ஆரிஜின்' இதற்கு நேர்மாறு: நன்கொடைகூட வாங்குவதில்லை, நிரல் வெளிப்படையாக இருக்கிறது. குரோம் தன் விதிகளை மாற்றியதால் அதன் முழு வடிவம் அங்கே ஓடாமல் போயிற்று. ஃபயர்ஃபாக்ஸில் வேலை செய்கிறது.

என்ன செய்யலாம்?

விளம்பரம் காட்டுவது ஒன்று, ஆளைப் பின்தொடர்வது வேறு. முன்னதைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னதைத் தடுப்பது நம் உரிமை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கடமையும்கூட. சமையல் பக்கத்தில், படிப்பவர் யார் என்று தோண்டாமல் மசாலா விளம்பரம் காட்டலாமே! அச்சு இதழ்கள் காலங்காலமாக அப்படித்தான் நடந்துவருகின்றன.

ஆகவே உலாவியின் அமைப்பில் பிற நிறுவனக் குக்கிகளை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் விளம்பர அடையாள எண்ணை நீக்கலாம். ஐபோனில், ஆப்கள் பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்திவைக்கலாம்; 2021 முதல் அந்த ஆப்கள் கேட்காமல் பின்தொடரக் கூடாது. நம்பகமான தடுப்பான் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு, நீங்கள் தவறாமல் படிக்கும், தொந்தரவு செய்யாத தமிழ்த் தளங்களுக்கு மட்டும் அதில் விலக்குக் கொடுங்கள். சந்தா கேட்டால், வருஷத்துக்கு ஒன்றிரண்டுக்காவது கட்டுங்கள்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். அப்பா அம்மாவின் கைபேசியில் இதைச் செய்துகொடுக்கும் பொறுப்பை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். அவர்களும் அப்போதே கற்றுக்கொள்வார்கள்.